உலகமயமாக்கலும் தேசிய அரசும்: கள்ளக்குறிச்சி மாவட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

உலகமயமாக்கல் என்பது பொருள்கள், மூலதனம், தொழில்நுட்பம், தகவல், உழைப்பு ஆகியவை நாடுகளின் எல்லைகளைக் கடந்து பெருமளவில் நகர்வதையும், அதன் விளைவாக ஒரு நாட்டில் எடுக்கப்படும் முடிவு வேறொரு நாட்டு மக்களின் வாழ்க்கையைப் பாதிப்பதையும் குறிக்கும். பெருநகரங்கள், துறைமுகங்கள், மென்பொருள் நிறுவனங்கள் ஆகியவற்றோடு சேர்த்தே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. கடற்கரை இல்லாத, வேளாண்மையையே பெரிதும் நம்பியிருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதைச் சார்ந்த கல்வராயன் மலையிலும் இதன் விளைவுகளைத் தெளிவாகக் காணலாம். இங்கு விளையும் மரவள்ளிக்கும் கரும்புக்கும் கிடைக்கும் விலை, பயிரைத் தாக்கும் பூச்சி, புதிதாக வரும் தொழிற்சாலை ஆகிய ஒவ்வொன்றிலும் வேறு நாடுகளின் பங்கு உண்டு.

உலகமயமாக்கலால் தேசிய அரசு வலுவிழந்துவிட்டது என்பது ஒரு கருத்து. எதுவும் மாறவில்லை என்பது மற்றொரு கருத்து. கள்ளக்குறிச்சியின் அனுபவம் இரண்டையும் முழுமையாக ஏற்கவில்லை. அரசின் சில பழைய கருவிகள் அதன் கையைவிட்டுப் போயின. அதே வேளையில், முன்பு இல்லாத பல புதிய பொறுப்புகள் அதன்மேல் வந்து சேர்ந்தன. அந்தப் பொறுப்புகளை அரசு நிறைவேற்றாத இடங்களில் இழப்பு முழுவதும் சிறு உழவர் மீதும் கூலித் தொழிலாளர் மீதும் விழுகிறது.

அடிப்படைக் கருத்துகள்

வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அதில் வாழும் மக்கள், அரசாங்கம், இறைமை ஆகிய நான்கும் அமைந்த அமைப்பு தேசிய அரசு எனப்படுகிறது. தன் எல்லைக்குள் சட்டம் இயற்றவும், வரி விதிக்கவும், எந்தப் பொருள் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யவும் அரசுக்கு உள்ள உயர் அதிகாரமே இறைமை. ஐரோப்பாவில் 1648-ல் ஏற்பட்ட வெஸ்ட்பாலியா உடன்படிக்கைகளை இக்கருத்தின் தொடக்கப் புள்ளியாக அரசியல் அறிவியல் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடுகளுக்கிடையிலான பொருளாதார உறவுகளை ஒழுங்குபடுத்தச் சில அமைப்புகள் உருவாயின. 1944-ல் நடைபெற்ற பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டின் பயனாகப் பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் தோன்றின. 1947-ல் 23 நாடுகள் 'காட்' எனப்படும் சுங்கவரி மற்றும் வணிகப் பொது ஒப்பந்தத்தை ஏற்படுத்தின. இந்தியா அவற்றுள் ஒன்று. 1986 முதல் 1994 வரை நடந்த உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தைகளின் முடிவில், 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படத் தொடங்கியது. காட் ஒப்பந்தம் பெரும்பாலும் தொழிற்பொருள்களின் சுங்கவரியைப் பற்றியது. புதிய அமைப்போ வேளாண்மை, சேவைகள், அறிவுசார் சொத்துரிமை ஆகியவற்றையும் தன் விதிகளுக்குள் கொண்டு வந்தது. உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் தகராறு தீர்ப்பு முறையும் இதில் உண்டு.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1991-ல், அந்நியச் செலாவணி நெருக்கடியில் இந்தியா தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க நேர்ந்தது. பி. வி. நரசிம்ம ராவ் பிரதமராகவும் மன்மோகன் சிங் நிதியமைச்சராகவும் இருந்த அக்காலத்தில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. தொழில் உரிம முறை பெருமளவு நீக்கப்பட்டது. அந்நிய முதலீட்டுக்கு வழி திறக்கப்பட்டது. தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்று சேர்த்துச் சொல்லப்படும் மாற்றங்கள் இக்கட்டத்தில்தான் வேகம் பெற்றன.

மாவட்டமும் மலையும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை உள்ளது. மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. இங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளி இனத்தவர். இப்பெயர் மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்குவது. கேரள மக்களைக் குறிப்பதன்று.

கல்வராயன் மலையின் வரலாற்றில் தேசிய அரசு பற்றிய ஒரு முக்கியமான பாடம் உள்ளது. மலைக் கிராமங்கள் நீண்ட காலம் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தன. இந்தியா 1947-ல் விடுதலை பெற்றபின்னும் ஜாகிர் முறை உடனே மறையவில்லை. 1976-ல்தான் அது முடிவுக்கு வந்தது. நாட்டின் எல்லை வரைபடத்தில் ஒரு நிலம் இடம் பெறுவதும், அந்நிலத்து மக்களுக்கு அரசின் சட்டமும் பள்ளியும் பட்டாவும் போய்ச் சேருவதும் வெவ்வேறு காலங்களில் நிகழலாம் என்பதற்கு இது சான்று. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை முதலான அடிப்படை வசதிகளைப் பற்றி விசாரித்தது. உலகச் சந்தையோடு இணைந்துவிட்ட ஒரு பகுதியில் அரசின் அடிப்படைப் பணிகளே இன்னும் நிறைவு பெறவில்லை என்பதை இது காட்டுகிறது.

மரவள்ளி: கண்டம் கடந்து வந்த பயிர்

கல்வராயன் மலையிலும் சின்னசேலம் சுற்றுப்புறத்திலும் பரவலாகப் பயிராகும் மரவள்ளி, இப்பகுதி வழக்கில் குச்சிக்கிழங்கு எனப்படும். இதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்ச்சுக்கீசியர் வழியாக 17-ஆம் நூற்றாண்டில் இது கேரளக் கரையை அடைந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இப்பயிரைப் பரப்புவதில் ஊக்கம் காட்டினார். 1942-ல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அப்போது திருவிதாங்கூர் மக்களின் பசியைப் போக்கியதில் மரவள்ளிக்குப் பெரும் பங்குண்டு.

ஜவ்வரிசித் தொழிலின் பிறப்பும் போரோடு தொடர்புடையது. அதற்கு முன் மலாயா, சிங்கப்பூர் பகுதிகளிலிருந்து ஜவ்வரிசி இறக்குமதியானது. போரினால் கடல் வணிகம் தடைபட்டபோது, 1943 அளவில் சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் என்ற வணிகர், பினாங்கிலிருந்து வந்த பொபட்லால் ஷாவின் தொழில் அறிவைத் துணைக்கொண்டு மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். உலக வணிகம் அறுந்த ஒரு தருணத்தில் உள்நாட்டுத் தொழில் முளைத்தது. ஆனால் அதற்கான தொழில்நுட்பமோ கடல் கடந்தே வந்தது. பின்னர் சேலம், ஆத்தூர், நாமக்கல், சின்னசேலம் வட்டாரங்களில் சேகோ ஆலைகள் பெருகின. 1981-ல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். கிடங்கு வசதியும் மறைமுக ஏல முறையும் இதன் மூலம் கிடைத்தன.

மரவள்ளி உழவருக்கு விலை எப்படி அமைகிறது என்பதை அறிந்தால் உலகச் சந்தையின் தாக்கம் விளங்கும். கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவைப் 'பாயிண்ட்' என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஆலைகள் விலை தருகின்றன. ஆலை தரும் விலை ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆகியவற்றின் சந்தை நிலவரத்தைப் பொறுத்தது. ஸ்டார்ச் மாவு நெசவுப் பாவுக்குக் கஞ்சியிடவும், காகிதம், பசை, மருந்து, உணவுப் பொருள்கள் செய்யவும் பயன்படுகிறது. இவற்றில் பலவற்றுக்கு மக்காச்சோள ஸ்டார்ச் மாற்றாக அமையும். உலக அளவில் மரவள்ளிப் பொருள்களின் முதன்மை ஏற்றுமதியாளர் தாய்லாந்து. பெரிய இறக்குமதியாளர் சீனா. எனவே தாய்லாந்தில் விளைச்சல் மிகுந்தாலும், சீனாவின் தேவை குறைந்தாலும், உள்நாட்டில் மக்காச்சோள விலை சரிந்தாலும் அதன் அழுத்தம் வெள்ளிமலை உழவர் வரை எட்டக்கூடும்.

எல்லையை மூடும் உரிமை சுருங்கியது

விடுதலைக்குப் பின் இந்தியா உள்நாட்டு உற்பத்தியைக் காக்கப் பெரிதும் நம்பிய கருவி அளவுக் கட்டுப்பாடு. ஒரு பொருளை இன்ன அளவுக்கு மேல் இறக்குமதி செய்யக் கூடாது, அல்லது உரிமம் பெற்றே இறக்குமதி செய்ய வேண்டும் என்று விதிப்பது இதன் முறை. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையை இதற்குக் காரணமாக இந்தியா கூறி வந்தது. இதை எதிர்த்து அமெரிக்கா 1997-ல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 1999-ல் தீர்ப்பு இந்தியாவுக்கு எதிராக அமைந்தது. எஞ்சியிருந்த 715 வகைப் பொருள்கள் மீதான கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டன.

இதனால் அரசு கைகட்டி நிற்கவில்லை. சுங்க வரி, தரக் கட்டுப்பாடு, விலைக்குறைப்புக்கு எதிரான வரி ஆகிய கருவிகள் அதனிடம் தொடர்ந்து உள்ளன. ஆனால் அவற்றையும் ஏற்றுக்கொண்ட உச்சவரம்புக்குள், காரணம் காட்டிப் பயன்படுத்த வேண்டும். ஆசியான் அமைப்பின் 10 நாடுகளோடு இந்தியா செய்துகொண்ட சரக்கு வணிக ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்தும் வியட்நாமும் அதில் அடங்கும். இத்தகைய ஒப்பந்தங்களில் எந்தப் பொருளுக்கு வரி குறையும், எது விலக்குப் பட்டியலில் இருக்கும் என்பது பேச்சுவார்த்தையில் முடிவாகிறது. முன்பு டெல்லியில் ஓர் ஆணையால் முடிந்த செயல், இப்போது பல நாடுகளின் அதிகாரிகள் அமர்ந்து பேசும் மேசைக்கு இடம் மாறியுள்ளது. தன் பகுதியின் பயிரை அந்த மேசையில் யார் நினைவூட்டுவார் என்பதே உழவருக்கு முக்கியமான கேள்வி.

கரும்பு: ஜெனீவா சென்ற வழக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மற்றொரு முக்கியப் பயிர் கரும்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இயங்குகின்றன. கரும்புக்கு ஆலைகள் தர வேண்டிய குறைந்தபட்ச விலையை ஒன்றிய அரசு நிர்ணயிக்கிறது. நியாயமான ஆதாய விலை எனப்படும் இது, 10.25 விழுக்காடு சர்க்கரை கட்டுமானம் உள்ள கரும்புக்கு 2024-25 பருவத்தில் குவிண்டாலுக்கு 340 ரூபாயாக இருந்தது.

இந்த விலைமுறையையும் ஏற்றுமதி உதவிகளையும் எதிர்த்து 2019-ல் பிரேசில், ஆஸ்திரேலியா, கவுதமாலா ஆகிய மூன்று நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. வேளாண் ஒப்பந்தப்படி, வளரும் நாடு ஒன்று குறிப்பிட்ட ஒரு பயிருக்குத் தரும் உள்நாட்டு ஆதரவு அப்பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கரும்பு விலையைக் கொடுப்பது ஆலைகளே, அரசு அன்று என்பது இந்தியாவின் வாதங்களில் ஒன்று. விலையை நிர்ணயிப்பது அரசு என்பதால் அதுவும் ஆதரவே என்று கூறி நடுவர் குழு இவ்வாதத்தை ஏற்கவில்லை. 2014-15 முதல் 2018-19 வரையிலான ஐந்து பருவங்களிலும் இந்தியா வரம்பை மீறியதாக 2021 டிசம்பர் 14 அன்று அறிக்கை வெளியானது.

இந்தியா 2022 ஜனவரியில் மேல்முறையீடு செய்தது. ஆனால் மேல்முறையீட்டு அமைப்புக்குப் புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா இசையாததால், 2019 டிசம்பர் முதலே அவ்வமைப்பு வழக்குகளை விசாரிக்க இயலாத நிலையில் இருந்தது. ஆகவே அறிக்கை நடைமுறைக்கு வராமல் நின்றது. இந்நிகழ்வு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. ஒன்று, கள்ளக்குறிச்சிக் கரும்புக்கும் பொருந்தும் ஒரு விலை விதியை மூன்று வெளிநாடுகள் கேள்விக்கு உள்ளாக்க முடியும். மற்றொன்று, உலக விதிகளும் தேசிய அரசுகளின் ஒப்புதலில்தான் உயிர் வாழ்கின்றன. வலிமையான ஓர் அரசு ஒத்துழைக்க மறுத்தால் நீதி அமைப்பே முடங்கிவிடுகிறது. இம்முறை அந்த முடக்கம் இந்தியாவுக்கு மூச்சுவிட இடம் தந்தது. வேறொரு வழக்கில் இந்தியாவின் நியாயமான முறையீடும் இதே போலத் தேங்கக் கூடும்.

எல்லை மீதான அதிகாரத்தை அரசு எதிர்த்திசையிலும் பயன்படுத்துகிறது. உள்நாட்டில் சர்க்கரை விலை உயராமல் இருக்க, 2022 ஜூன் 1 முதல் சர்க்கரை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் ஒன்றிய அரசு சேர்த்தது. இது நுகர்வோருக்கு நன்மை. வெளிச்சந்தையில் விலை உயர்ந்திருக்கும் காலத்தில் அதன் பலன் ஆலைக்கும், அதன் வழியே கரும்பு விவசாயிக்கும் முழுமையாகக் கிட்டாமல் போகும். எந்தப் பிரிவினரின் நலனுக்காக எல்லை திறக்கப்படுகிறது, எவருக்காக மூடப்படுகிறது என்பது ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டு அரசியலாகவே இருந்து வருகிறது.

பிரேசிலுடனான உறவு இன்னொரு வகையிலும் கவனத்துக்குரியது. ஜெனீவாவில் இந்தியாவுக்கு எதிராக வாதிட்ட அதே பிரேசில், 2023 செப்டம்பரில் புதுடெல்லி ஜி-20 மாநாட்டையொட்டித் தொடங்கப்பட்ட உலக உயிரி எரிபொருள் கூட்டணியில் இந்தியாவின் பங்காளியாக இணைந்தது. கரும்பிலிருந்து எத்தனால் தயாரிப்பதில் பிரேசில் முன்னோடி. நண்பன், பகைவன் என்று நாடுகளை இரண்டாகப் பிரிக்க முடியாத நிலை இக்காலப் பன்னாட்டு உறவுகளின் அடையாளம். ஒரே நாடு ஒரு பொருளில் போட்டியாளராகவும் மற்றொன்றில் கூட்டாளியாகவும் இருக்கிறது.

மாவுப்பூச்சியும் ஒட்டுண்ணிக் குளவியும்

சரக்கைச் சுங்கச் சாவடியில் நிறுத்தலாம். உயிரினங்கள் அப்படி நிற்பதில்லை. மரவள்ளி மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் உணவுப் பயிரை அழிக்கத் தொடங்கியது. நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் பணியாற்றிய சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான முயற்சியில், இப்பூச்சியின் இயற்கை எதிரியான 'அனாகைரஸ் லோபெசி' என்ற மிகச் சிறிய குளவி 1981-ல் பராகுவேயில் கண்டறியப்பட்டது. இக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று அழிக்கும். ஆப்பிரிக்க நாடுகளில் இக்குளவி பரப்பப்பட்டு மரவள்ளி காக்கப்பட்டது. இப்பணிக்காக ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

2008-ல் தாய்லாந்தில் இப்பூச்சி தோன்றியபோது, பெனின் நாட்டிலிருந்து குளவிகள் வரவழைக்கப்பட்டன. 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மாவுப்பூச்சி, விரைவில் தமிழ்நாட்டின் மரவள்ளிப் பகுதிகளுக்கும் பரவியது. தாக்கப்பட்ட செடியின் நுனி இலைகள் சுருண்டு கொத்தாகும், தண்டின் கணு இடைவெளி குறுகும், கிழங்கு சிறுக்கும். அடுத்த பருவத்துக்கான விதைக்கரணைகள் ஊர் விட்டு ஊர் செல்லும்போது பூச்சியும் உடன் செல்வதால் பரவல் வேகமாகிறது.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் செயலகம் பெனினிலிருந்து குளவிகளைத் தருவித்து, தனிமைப்படுத்தி ஆராய்ந்து பெருக்கியது. 2022 மார்ச் 7 அன்று ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவை விடுவிக்கப்பட்டு உழவர்களுக்கு அறிமுகமாயின. ஏத்தாப்பூர், கல்வராயன் மலையின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய பெத்தநாயக்கன்பாளையம் வட்டத்தில் உள்ளது.

இச்சிக்கலை இந்தியா தனியே தீர்த்திருக்க முடியாது. ஒரு தனி உழவரோ ஒரு சேகோ ஆலையோ பெனினிலிருந்து குளவியை வரவழைக்கவும் முடியாது. ஒரு நாட்டுக்குள் அயல் உயிரினத்தைக் கொண்டுவரத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், பிற நாட்டு நிறுவனத்தோடு நம்பிக்கையான உறவு வேண்டும். உலகமயமாக்கல் கொண்டுவந்த சிக்கலுக்கு உலகமயமான அறிவே தீர்வு தந்தது. இரண்டுக்கும் நடுவே அரசு நின்றது.

புவிசார் குறியீடு

உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் மருந்து விலை தொடர்பாகக் கடுமையான விமர்சனத்தைச் சந்தித்த ஒன்று. அதே ஒப்பந்தத்தின் ஒரு பகுதி, ஓர் ஊரின் பெயரால் சிறப்புப் பெற்ற பொருள்களுக்குப் பாதுகாப்பு அளிக்கச் சொல்கிறது. அதற்கேற்ப இந்தியா 1999-ல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-லும், சேலம் ஜவ்வரிசிக்கு 2023-லும் இக்குறியீடு கிடைத்தது.

இதன் எல்லையையும் அறிந்துகொள்வது நல்லது. புவிசார் குறியீடு அந்தந்த நாட்டுக்குள்தான் செல்லும். வெளிநாட்டில் பாதுகாப்பு வேண்டுமானால் அந்நாட்டுச் சட்டப்படி தனியே பதிவு செய்ய வேண்டும். மேலும் குறியீடு விலையை உயர்த்தித் தராது. போலியைத் தடுக்கவும் பெயரைச் சந்தைப்படுத்தவும் ஓர் உரிமையைத் தருகிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வலுவான சங்கம் இருந்தால்தான் சிற்பிக்கும் உழவருக்கும் பயன் கிட்டும்.

மூலதனத்தின் வருகை: உளுந்தூர்பேட்டைக் காலணி ஆலை

2023 ஏப்ரலில் தைவானின் பௌ சென் குழுமத்தைச் சேர்ந்த ஹை குளோரி ஃபுட்வேர் நிறுவனம், உளுந்தூர்பேட்டை சிப்காட் தொழிற்பூங்காவில் தோல் அல்லாத காலணி ஆலை அமைக்கத் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. முதலீடு 2,302 கோடி ரூபாய் என்றும் வேலைவாய்ப்பு 20,000 பேருக்கு என்றும் அறிவிக்கப்பட்டது. உலகின் முன்னணி விளையாட்டுக் காலணி நிறுவனங்களுக்காகத் தயாரித்துத் தரும் குழுமம் இது.

இதில் பன்னாட்டு உறவு மாணவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, இந்தியாவுக்கும் தைவானுக்கும் முறையான தூதரக உறவு கிடையாது. 1995 முதல் தைப்பேயில் இயங்கும் இந்திய–தைப்பே சங்கம், சென்னையிலும் இயங்கும் தைப்பே பொருளாதார கலாச்சார மையம் ஆகிய அலுவலகங்களின் வழியே உறவு நடைபெறுகிறது. தூதரகம் இல்லாத இடத்திலும் வணிகம் பாலம் கட்டுகிறது. இரண்டாவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மாநில அரசு. அயலுறவு அரசியலமைப்புப்படி ஒன்றியப் பட்டியலில் இருந்தாலும், முதலீட்டை ஈர்க்கும் போட்டியில் மாநிலங்கள் நேரடியாக இறங்கியுள்ளன. தமிழ்நாடு 2022-ல் காலணி மற்றும் தோல் பொருள்களுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. மூன்றாவது, இத்தொழில் தைவானிலிருந்து சீனாவுக்கும், பின் வியட்நாம், இந்தோனேசியாவுக்கும் இடம் பெயர்ந்து வந்த ஒன்று. கூலியும் வரியும் சாதகமாக உள்ள இடத்தை அது தேடிச் செல்லும். ஆலை வந்த பின்னும் தொழிலாளர் பயிற்சி, ஊதியப் பாதுகாப்பு, பெண்களுக்கான போக்குவரத்து, தங்குமிடம் ஆகியவற்றில் அரசின் பணி முடிவதில்லை.

செம்மரம்: சட்டத்துக்கு வெளியே ஓர் உலகச் சந்தை

உலக வணிகம் முழுவதும் சுங்கத் துறையின் கண் முன்னே நடப்பதில்லை. ஆந்திரத்தின் சேஷாசலம் காடுகளை முதன்மை வாழிடமாகக் கொண்ட செம்மரத்துக்குச் சீனாவிலும் பிற கிழக்காசிய நாடுகளிலும் பெரும் தேவை உண்டு. அழியும் நிலையிலுள்ள உயிரின வணிகம் குறித்த பன்னாட்டு உடன்படிக்கை 1995 முதல் இம்மரத்தின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் கடத்தல் தொடர்கிறது. மரம் வெட்டும் ஆபத்தான வேலைக்குக் கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி போன்ற மலைகளின் ஏழைக் கூலியாள்கள் அழைத்துச் செல்லப்பட்டுக் கைதாகி வந்துள்ளனர். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே ஆந்திரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் உயிரிழந்தனர்.

இச்சங்கிலியின் ஒரு முனையில் வெளிநாட்டு வாங்குவோர், நடுவில் தரகர்கள், மறுமுனையில் மலைக்கூலி. பன்னாட்டு உடன்படிக்கையும் மாநிலக் காவல்துறையும் சங்கிலியின் கடைசிக் கண்ணியையே அதிகம் தொடுகின்றன. மலையில் நிலையான வேலையும் நில உரிமையும் இருந்தால் அக்கண்ணி தானே தளரும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி. பட்டா இல்லாத நிலத்துக்குப் பயிர்க்கடன் பெறுவது கடினம் என்பதால், நில உரிமை உலகச் சந்தையைச் சமாளிக்கும் வலிமையோடும் தொடர்புடையது.

விளைவுகளின் தொகுப்பு

1. இறைமை: அளவுக் கட்டுப்பாடு போன்ற கருவிகளை அரசு இழந்தது. வரி, மானியம் ஆகியவற்றில் ஒப்புக்கொண்ட வரம்புக்கு உட்பட்டது. தாவரப் பாதுகாப்பு, தரச் சோதனை, பன்னாட்டு வழக்காடல் ஆகியவற்றில் அதன் பொறுப்பு கூடியது.

2. வணிகம்: உள்ளூர் விலை பல நாடுகளின் விளைச்சலோடும் கொள்கையோடும் பிணைந்தது. சந்தை விரிந்தது போலவே இடரும் விரிந்தது.

3. பன்னாட்டு உறவுகள்: போர், எல்லை ஆகியவற்றோடு மானியம், பூச்சி, எரிபொருள், காலணி ஆகியவையும் உறவின் பொருளாயின.

4. கூட்டாட்சி: மாநில அரசுகள் முதலீட்டுக்காக வெளிநாட்டு நிறுவனங்களோடு நேரடியாகப் பேசுகின்றன. ஆனால் வணிக ஒப்பந்தங்களை முடிவு செய்வது ஒன்றிய அரசு. பாதிப்பை முதலில் உணரும் மாநிலத்துக்கு ஒப்பந்த மேசையில் நேரடி இடம் இல்லை.

5. சமத்துவம்: நிலம், கல்வி, சங்கம் உடையோர் வாய்ப்பைப் பயன்படுத்துகின்றனர். இவை இல்லாதோர் இடரை மட்டும் சுமக்கின்றனர்.

ஜப்பானிய அறிஞர் கெனிச்சி ஓமே 1995-ல் வெளியிட்ட நூலில் தேசிய அரசின் முடிவைப் பற்றி எழுதினார். பொருளியலறிஞர் டானி ரோட்ரிக் 2011-ல் வெளியிட்ட நூலில், ஆழமான உலக ஒருங்கிணைப்பு, தேசிய இறைமை, மக்களாட்சி ஆகிய மூன்றையும் ஒருசேர முழுமையாகப் பெற முடியாது என்று வாதிட்டார். கரும்பு வழக்கு ரோட்ரிக்கின் கருத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. விவசாயிகளின் வாக்கை மதிக்கும் அரசு விலையை உயர்த்த விரும்புகிறது. உலக விதி வரம்பு காட்டுகிறது. இரண்டுக்கும் இடையே அரசு தன் இறைமையைக் கொண்டு காலத்தைத் தள்ளுகிறது.

முடிவுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தேசிய அரசு மறைந்துவிடவில்லை. ஜெனீவாவில் வழக்காடியதும், பெனினிலிருந்து குளவி வர அனுமதி தந்ததும் ஒன்றிய அரசின் அமைப்புகள். ஏத்தாப்பூரில் அதை உழவரிடம் சேர்த்ததும், தொழிற்பூங்காவுக்கு நிலம் ஒதுக்கியதும் மாநில அமைப்புகள். அரசு தயங்கிய இடங்களும் இதே மாவட்டத்தில் உள்ளன. மலையின் சாலையும் பட்டாவும் தாமதமான அளவுக்கு அங்குள்ள மக்கள் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தனியே தாங்க நேர்ந்தது. நோயற்ற விதைக்கரணை, சரியான மாவுச்சத்து அளவீடு, நில உரிமை ஆவணம், அடுத்த வணிக ஒப்பந்தத்துக்கு முன் உழவர் சங்கங்களின் கருத்தைக் கேட்பது ஆகியவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். உலகமயமாக்கலால் மலை உழவருக்குக் கிடைப்பது வருமானமா, கடனா என்பதை இவையே பெரிதும் முடிவு செய்கின்றன.